தனியணுகல்: மிசூரிச் சட்டத்தின் ஒரு வரையறை குறித்து

ஆசிரியர்-மாணவர் இணையத் தொடர்புக்கு வரம்பிட்ட, அமெரிக்காவின் மிசூரி மாநிலச் செனட் மசோதா 54 (2011) பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதை ஆசிரியரின் பேச்சுரிமை வழக்காகவே அணுகுகின்றன. நாளேடுகள் சூட்டிய 'ஃபேஸ்புக் தடைச் சட்டம்' என்ற பெயர் ஆய்வுகளிலும் நிலைத்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-இல் வழங்கிய பிக்கரிங் தீர்ப்பை அளவுகோலாகக் கொண்டு, அரசு தன் ஊழியரின் பேச்சில் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற கேள்வியோடு அவை முடிகின்றன. சட்டத்தின் 162.069 பிரிவை அதன் வாசகத்தோடும் அது இடம்பெற்ற முழுச் சட்டத்தோடும் சேர்த்துப் படித்தால் வேறொரு நோக்கம் தெரிகிறது. மாணவரோடு ஆசிரியர் என்ன பேசுகிறார் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. அந்தப் பேச்சைப் பார்க்க வேறு யாருக்கு உரிமை உண்டு என்பதே அங்கு எழும் கேள்வி.

சிக்கலின் மையம் 'தனியணுகல்' என்பதற்குச் சட்டம் தந்த வரையறை. ஒரு தளத்திலுள்ள தகவல், இருவரின் வெளிப்படையான ஒப்புதலோடு அதன் உரிமையாளரான ஆசிரியருக்கும் பயனரான மாணவருக்கும் மட்டுமே கிடைக்க வேண்டும். உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் மூன்றாமவர் அதைக் காண முடியாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் தனியணுகல். பணி சாராத தளமொன்றில் இத்தகைய அணுகலை இந்நாள் மாணவருக்கோ முன்னாள் மாணவருக்கோ ஆசிரியர் வழங்கக் கூடாது என்பது விதி.

முந்தைய ஆய்வுகள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தன. அதற்கு முன்னுள்ள வாக்கியம் பணி சார்ந்த தளங்களைப் பற்றியது: பள்ளி நிர்வாகிகளும் மாணவரின் சட்டப்படியான காப்பாளரும் பார்க்க முடியாத தளத்தை ஆசிரியர் பயன்படுத்தக் கூடாது. பின்னுள்ள வாக்கியமோ, இந்தப் பிரிவுக்கு உட்பட்டுப் பயன்படுத்தும்வரை பணி சாராத தளத்தை ஆசிரியர் வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை என்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நட்பு வேண்டுகோளை ஏற்பதே குற்றம் என்ற பொருளை வருவிப்பது கடினம். மாணவரின் பெற்றோரும் அதே பக்கத்தில் இணைந்திருந்தால் தகவல் 'இருவருக்கு மட்டும்' என்ற நிலை அங்கேயே முடிந்துவிடுகிறது. மசோதாவை முன்மொழிந்த செனட்டர் ஜேன் கன்னிங்ஹாமும், ஃபேஸ்புக்கைத் தடுப்பது தம் நோக்கமல்ல என்றே கூறிவந்தார். முன்மொழிந்தவரின் விளக்கம் சட்டத்தின் பொருளை முடிவு செய்யாது. ஆனால் இங்கே வாசகமும் அதற்கு இணங்கியே இருக்கிறது.

'முன்னாள் மாணவர்' என்பதும் தவறாகவே எடுத்தாளப்பட்டுள்ளது. தம்மிடம் படித்த எவரோடும் ஆசிரியர் என்றைக்கும் தொடர்புகொள்ள முடியாது என்று எழுதியவர்கள் வரையறையைப் பார்க்கவில்லை. ஆசிரியர் பணியாற்றும் பள்ளியில் ஒருகாலத்தில் படித்து, பதினெட்டு வயதைத் தாண்டாமல், பள்ளிப் படிப்பையும் முடிக்காமல் இருப்பவரையே அது குறித்தது.

என் வாசிப்புக்கு வலுவான சான்று சட்டத்தின் ஏனைய பகுதிகளில் உள்ளது. பாலியல் முறைகேடு பற்றி மாணவர் புகார் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் மாநிலக் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது பணித்தது. குற்றச்சாட்டுக்கு உள்ளான ஆசிரியரைச் சத்தமில்லாமல் விலகச் செய்து, அடுத்த பள்ளி மாவட்டம் விசாரிக்கும்போது அதை மறைக்கும் நிர்வாகத்தின் மீது இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்தியது. சட்டம் முழுவதும் மறைப்புக்கு எதிரானது. இணையத்தைப் பற்றிய பிரிவும் அந்த வரிசையில்தான் வருகிறது.

ஆயினும் வரையறை குறையற்றது என்று நான் வாதிடவில்லை. ஒரே தளத்தில் எல்லோரும் காணும் பக்கமும் இருவர் மட்டும் பேசும் செய்திப்பெட்டியும் உண்டு. திண்ணையும் உள்ளறையும் கொண்ட வீட்டைப் போன்றது அது. சட்டம் வீட்டை மட்டுமே அளந்தது. செய்திப்பெட்டி இருப்பதாலேயே தளம் முழுவதும் தனியணுகலுக்குள் வருமா என்பதற்கு வாசகத்தில் விடை இல்லை. ஆசிரியர்கள் அஞ்சியதற்கு நியாயமான காரணம் இங்கேதான் இருக்கிறது. இதைவிடப் பெரிய பிழை, மூன்றாமவரின் அணுகலை உரிமையாளரின் ஒப்புதலோடு பிணைத்தது. சிறுவயது மாணவரின் ஒப்புதலைக் கணக்கில் கொண்ட வரையறை, பெற்றோருக்கு உரிமை எதையும் தரவில்லை; அவர்கள் பார்க்கலாமா என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். காப்பாளருக்கு முந்தைய வாக்கியம் அளித்த உரிமை இதில் காணாமல் போனது.

மிசூரி மாநில ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், கோல் கவுண்டி நீதிபதி ஜான் பீட்டம் 2011 ஆகஸ்டு 26 அன்று இடைக்காலத் தடை விதித்தார். சட்டம் நடைமுறைக்கு வர அப்போது இரண்டு நாட்களே இருந்தன. ஆசிரியராக இருக்கும் பெற்றோர் தம் சொந்தப் பிள்ளையோடு இத்தளங்களில் பேசுவதையும் அது தடுக்கிறது என்பதை நீதிபதி சுட்டிக்காட்டினார். அந்தக் கண்டனம் சரியானது, மறுக்க இடமில்லை. ஆனால் அது தனியணுகல் விதியை மட்டுமே தாக்குகிறது. காப்பாளரின் பார்வையுரிமையை அது தொடவில்லை.

அந்தப் பார்வையுரிமைக்கும் எதிர்வாதங்கள் உண்டு. தீய எண்ணம் உடையவர் எந்த விதியையும் மீறுவார் என்ற வாதம் எல்லாத் தடைச் சட்டங்களுக்கும் பொருந்துவதால் இங்கே தனிப் பதில் தேவையில்லை. வீட்டில் துன்புறும் குழந்தை ஆசிரியரிடம் மட்டுமே மனம் திறக்கும் என்பது கவனத்துக்குரியது. அந்தக் குழந்தைக்குப் பெற்றோரின் பார்வை ஆபத்தாகவே முடியலாம். நிர்வாகியோ காப்பாளரோ, இருவரில் ஒருவர் பார்த்தால் போதும் என்று விதி அமைந்திருந்தால் அதற்கு வழி இருந்திருக்கும். இரண்டாவது பெரியவர் ஒருவர் இருப்பதே முக்கியம். அவர் தாயாகவோ தந்தையாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தொடரில் சட்டமன்றம் தனியணுகல் விதி, பார்வையுரிமை விதி இரண்டையும் ஒன்றாகவே நீக்கியது. ஆளுநர் ஜே நிக்சன் அக்டோபர் 21 அன்று ஒப்பமிட்டார். ஊழியர்-மாணவர் தொடர்பில் முறையற்றதைத் தடுக்கும் கொள்கையை 2012 மார்ச் 1-க்குள் எழுதிக்கொள்ளும்படி பள்ளி மாவட்டங்களுக்குச் சொல்லப்பட்டது. முறையற்றது எது என்பதை முடிவு செய்வது அவற்றின் பொறுப்பானது. இதைப் பேச்சுரிமையின் வெற்றி என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. பழுதான விதியோடு சேர்த்து, சிறு திருத்தத்தோடு காத்திருக்கக்கூடிய விதியும் கைவிடப்பட்டது.

வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப்பாடம் அனுப்பும் நம் பள்ளிகளுக்கும் இன்றோ நாளையோ இத்தகைய விதிகள் எழுதப்படும். எழுதுவோர் மிசூரியின் தனியணுகல் வரையறையைத் தவிர்த்துவிட்டு, அதற்கு முந்தைய வாக்கியத்தை, நிர்வாகி அல்லது காப்பாளர் ஒருவர் பார்த்தால் போதும் என்ற திருத்தத்தோடு, முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.