பைக்கு வாய் தைத்த கதை

போன வாரம் மகள் வேலைக்காக வெளியூர் கிளம்பினாள். சூட்கேஸுக்குள் துணிமணியைப் பிரித்து வைக்கிற சின்னச் சின்ன ஜிப் பைகள் இருக்கின்றனவே, கடையில் 'பேக்கிங் க்யூப்' என்று பேர் வைத்து விற்கிறார்கள், அதில் நாலு வேண்டும் என்றாள். விலையைப் பார்த்துவிட்டு, நானே தைச்சுத் தர்றேன்னு வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பழைய காட்டன் புடவை ஒன்று, ரெண்டு மீட்டர் ரோல் ஜிப், நாலைந்து ரன்னர். வேறென்ன வேணும்?

முதல் பையிலேயே கோட்டை விட்டேன். ஜிப்பை முழுசாக மூடி வைத்துக்கொண்டு சுற்றிலும் தைத்துவிட்டேன். பையை உள்ளிருந்து வெளியே புரட்ட வழியே இல்லை! உட்கார்ந்து பிரிக்க வேண்டியதாகிவிட்டது. பிரித்துக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரத்தில் வந்த யோசனைதான் இது. பையோட உடம்பு எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான். ரெண்டு துணி, ஓரத்தில் தையல். மாறிக்கொண்டே வந்தது அதன் வாய்தான்.

நம்மூர்ப் பைகளில் மூத்தது சுருக்குப்பை. எவ்வளவு மூத்தது என்றால், புறநானூற்றின் 206ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வாயிற்காவலனிடம் கோபித்துக்கொள்கிறார் இல்லையா, அதிலேயே வந்துவிடுகிறது. அரசன் பரிசில் தராமல் காக்க வைக்கிறான். வாத்தியங்களைத் தூக்கியாச்சு, பையையும் சுருக்கியாச்சு, எங்கே போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பைக்கு அவர் சொல்லும் வார்த்தை 'கலப்பை'. கலங்களைப் போடும் பை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கலப்பை என்றால் ஏர்தான் நினைவுக்கு வரும். ஒரே சொல், ஒன்று ஊரிலேயே இருந்து உழுகிறவனுக்கு, இன்னொன்று ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு.

எங்க அப்பாயி இடுப்பிலும் ஒரு சுருக்குப்பை இருந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சில்லறை எல்லாம் அதற்குள். களம், பத்தாயம், பீரோ எல்லாவற்றின் கணக்கும் தாத்தாவிடம். அந்தப் பை மட்டும் அப்பாயியுடையது. அதன் கயிற்றை இன்னொருத்தர் தளர்த்திப் பார்த்ததே கிடையாது.

நெல் விளைகிற ஊரில் சுருக்கு எடுபடாத பை ஒன்று உண்டு. சாக்கு. மூட்டைக்கு நெல்லை நிரப்பிச் சுருக்குப் போட்டால் தோளில் ஏற்றும்போதே வாய் பிளந்துவிடும். அதனால் கோணி ஊசியும் சணலும். இன்றைக்கும் குறுவை, சம்பா அறுவடை சமயத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் பார்க்கலாம். 40 கிலோ எடை போட்டு, வாயைத் தைத்து, அடுக்குவார்கள். சாக்குத் தைக்கிற கைமிஷின் போடுவது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுத் தையலும் கழன்று வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் கத்தரிதான். மூடுவது சுலபம், திறப்பதற்கும் வழி வைத்திருக்க வேண்டும் என்ற புத்தி அந்தத் தையலுக்குள் இருக்கிறது. (எனக்குத்தான் இல்லாமல் போச்சு :-))

சரி, பயணத்துக்கு வருவோம். சரபோஜி மன்னர் 1820இல் காசி யாத்திரை கிளம்பியபோது கூடப் போன பரிவாரம் சுமார் மூவாயிரம் பேர் என்பார்கள். ராஜாவுக்கு மூட்டையைப் பற்றி என்ன கவலை, தூக்க ஆள் இருக்கிறது. சாதாரண ஜனங்களுக்குப் பயணம் என்றால் ஒரு துணி முடிச்சு, அவ்வளவுதான். நாலு முனையைச் சேர்த்து இழுத்து ஒரு முடி.

அந்த முடிச்சுக்கு வேட்டு வைத்தது ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் வந்தது, அடுத்த வருஷம் திருச்சிவரை நீண்டது. மாட்டு வண்டியில் கூட வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். ரயில் பெட்டியில் பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாது, ராத்திரி தூங்கவும் வேண்டும். முடிச்சை நம்பித் தூங்க முடியுமா? பூட்டு வேண்டும். பூட்டுக்காகத் தகரத்தில் டிரங்குப் பெட்டி வந்தது. படுக்கையைச் சுருட்ட ஹோல்டால் வந்தது, வாருக்கு வார் பக்கிள் வைத்து. டிரங்குப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது. தகரம் வெட்டுகிறவர், ரிவிட் அடிக்கிறவர், பூட்டு வைக்கிறவர் வேண்டும். சுருக்குப்பையும் துணிமூட்டையும் வீட்டுப் பெண்கள் கையில் இருந்தவை. பெட்டி பட்டறைக்குப் போய்விட்டது.

அந்தப் பெட்டிகள்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறின. 'ரஜூலா' என்ற கப்பலின் பேரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1926இல் ஓட ஆரம்பித்தது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973வரை போய் வந்தது. நாகையில் கப்பல் கரையோரம் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். ஆடுகிற படகிலிருந்து பெட்டியை மேலே ஏற்றுவதென்றால் பூட்டை மட்டும் நம்ப முடியாது, பெட்டிக்கு மேல் கயிறு வரிந்து கட்ட வேண்டும். ரஜூலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனதோடு அந்தப் பயணமும் முடிவுக்கு வந்தது.

அதற்குள் சிங்கப்பூர், வளைகுடா என்று போனவர்களெல்லாம் விமானத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டியை ஒழித்தது விமான நிலையத்துத் தராசுதான் என்பது என் எண்ணம். கொடுக்கிற கிலோவில் பாதியைத் தகரமே தின்றுவிட்டால் ஊறுகாயை எதில் கொண்டு போவது? லேசாகவும் இருக்க வேண்டும், வாயும் மூட வேண்டும். ஜிப் பைக்கு நேரம் வந்தது.

ஜிப்பின் பிறப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846இல் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டுத் தையல் போடும் மிஷின். சிங்கர் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தவரும் அவரே. அதே மனிதர் 1851இல் துணியைத் தொடர்ச்சியாக மூடித் திறக்கும் ஒரு சாதனத்துக்கும் காப்புரிமை வாங்கினார். ஜிப்பின் முப்பாட்டன் அது. மிஷினில் காசு கொட்டியதோ என்னவோ, இதை அப்படியே விட்டுவிட்டார். 1893இல் விட்கோம்ப் ஜட்ஸன் பூட்ஸுக்காக ஒன்று செய்தார், அது அடிக்கடி திறந்துகொண்டது. ஸ்வீடனில் பிறந்த கிடியன் சுண்ட்பாக், பல்லோடு பல் கோக்கிற இன்றைய வடிவத்தைச் செய்து 1917இல் காப்புரிமை பெற்றார். 'ஜிப்பர்' என்ற பெயர் 1923இல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்ஸுக்கு வைத்தது.

முதலில் இதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் தெரியுமா? பூட்ஸுக்கு அடுத்தபடியாகப் புகையிலைப் பைக்கும், மாலுமிகள் இடுப்பில் கட்டும் பணப்பைக்கும். புகையிலை, சில்லறை, இடுப்பு. அப்பாயி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஆரம்பகால ஜிப் எல்லாம் உலோகப் பல். வீட்டு மிஷினில் குறுக்கே தைத்தால் ஊசி உடையும். பிறகு நைலான் சுருள் ஜிப் வந்தது. கத்தரிக்கோலால் வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம், மெதுவாகச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி குறுக்கே போய்விடும். மீட்டர் கணக்கில் வாங்கி வந்து ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்ளலாம். மிஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு சந்தேகப்பட்ட காந்தியே தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தவர். கல்கத்தாவில் 1930களில் உஷா மிஷின் செய்யத் தொடங்கினார்கள், அப்புறம் அது சீர்வரிசைச் சாமானாகவே ஆகிவிட்டது. நலிந்த பெண்களுக்கு இலவசமாக மிஷின் தரும் அரசுத் திட்டமும் சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் இருக்கிறது. ஆக, பட்டறைக்குப் போயிருந்த பயணப் பெட்டி, பையாகி மறுபடியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹோவ் பிடித்துக்கொண்ட மிஷினும் கைவிட்ட ஜிப்பும் எங்கள் வீட்டு ரேழியில்தான் ஒன்றாகச் சேர்ந்தன என்று சொன்னால் ரொம்ப ஓவரா?

நடுவில் மஞ்சப்பையை விட்டுவிட்டேன் பாருங்கள். ஜவுளிக்கடையில் கொடுப்பது. அதற்கு வாயே மூடாது, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அப்படி எழும்பூரில் இறங்கியவர்களைப் பட்டிக்காடு என்று கேலி பண்ணியதெல்லாம் உண்டு. பிளாஸ்டிக்குக்கு 2019இல் தடை வந்து, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

தைக்க நினைப்பவர்களுக்கு என் அளவு: 12க்கு 9 அங்குலத்தில் ரெண்டு துண்டு. 13 அங்குல ஜிப். துணியின் நல்ல பக்கமும் ஜிப்பின் நல்ல பக்கமும் முகத்தோடு முகம் பார்க்க ஒரு தையல், மறு துண்டுக்கும் அப்படியே. விரித்துப்போட்டு மேலே ஒரு தையல், இல்லாவிட்டால் துணி ரன்னரில் மாட்டும். பிறகு ஜிப்பைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு மற்ற மூணு பக்கமும் தையுங்கள். பாதி திறந்து. இதைத்தான் நான் மறந்தேன்.

எங்க அம்மா ஊரை விட்டுப் போன எல்லாருக்கும் பை தைத்துக் கொடுத்திருக்கிறாள். சித்தப்பாவுக்கு, அண்ணனுக்கு, மாமா பிள்ளைக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதைத் தவிர அவளுக்கென்று ஒரு பயணப் பை தைத்துக்கொள்ளும்படி எதுவும் வாய்க்கவில்லை. இந்த முறை பை ஒரு பெண்ணுக்கு, அதுவும் சொந்தச் சம்பாத்தியத்தில் கிளம்புகிற பெண்ணுக்கு. நாலு பையும் முடித்த பிறகு புடவையில் மீதி கொஞ்சம் இருந்தது. அதில் ஒரு சுருக்குப்பை தைத்து சூட்கேஸின் மேலே வைத்தேன். "இது எதுக்கும்மா?" என்றாள்.

சில்லறைக்குத்தான்.