சித்தியர் நடனம்

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், போர்வீரர்களாகவும், மாலுமிகளாகவும் பல நூற்றாண்டுகளில் பாரத தேசம் வந்துசேர்ந்தோரின் சந்ததியாராகிய சித்தியர், குஜராத்திலும் கர்நாடகத்திலும் பேணிவரும் ஆடல் மரபு. குஜராத்தில் இது தமால் என்றும் கோமா என்றும் வழங்கும். பின்னது, முரசையும் ஆட்டத்தையும் ஒருங்கே சுட்டும் 'ங்கோமா' என்ற சுவாஹிலிச் சொல்லின் திரிபாகும்.

குஜராத்து மரபின் பிரதான ஸ்தலம், பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் உள்ள பாவா கோர் என்னும் சூஃபி ஞானியின் தர்கா. கால்களின்மீது நிற்கும் முகர்மான் என்ற முரசும், சுரைக்குடுக்கை பொருத்திய வில் வாத்தியமாகிய மலுங்காவும், சங்கும் கிலுகிலுப்பையும் சேர்ந்தொலிக்க, நிதானமாகத் தொடங்கும் பக்தி ஆட்டம் படிப்படியாக வேகம் ஏறி ஆவேச நிலையை எய்தும்; அவ்வுச்சத்தில் ஆடுவோர் தேங்காயை மேலே எறிந்து தலையால் உடைப்பர்.

கர்நாடகத்தில், வடகன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள் வனப் பகுதிகளில் வாழும் சித்தியர், 2003-இல் பழங்குடியினராக அங்கீகாரம் பெற்றவர்கள். இருபுறமும் தோல் போர்த்த தமாம் முரசின் பெயரே இவர்களது ஆட்டத்திற்கும் ஆயிற்று. ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எனச் சமயத்தால் பிரிந்தோரையும் இம்முழக்கம் ஒன்றுசேர்க்கிறது.

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், 'சித்தி கோமா' குழுவினர் ஐரோப்பிய, அமெரிக்க அரங்குகளிலும் ஆடிவருகின்றனர். மயிற்பீலி ஆடையும் தேங்காய் உடைத்தலும் அங்கே காட்சிச் சிறப்பாக முன்னிற்க, கால வரையறையற்ற வழிபாடு குறித்த நேரத்துள் அடங்கும் கலை நிகழ்ச்சியாக உருமாறுகிறது.

இலங்கைப் புத்தளத்தருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மஞ்சா பாடலும் ஆடலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கவை.