பிடிபட்டவனும் கள்வனும்

மோட்டார் எதிலாவது மோதிவிட்டால் ஜனங்கள் முதலில் டிரைவரைத்தான் பிடிப்பார்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர்கள் உண்டு. ஒவ்வொரு கருவியையும் ஓட்டுவதற்கென்று எழுதப்பட்ட சிறு புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்ட ஒரு டிரைவர் மீது 2008-ஆம் வருஷம் விழுந்த பழியின் கதை, கதை எழுதுகிற என்னையே பொறாமைப்பட வைத்தது.

கம்ப்யூட்டரை நிர்வகிக்கும் லினக்ஸின் 2.6.27 என்ற பதிப்பு அந்தச் செப்டம்பரில் பரீட்சையில் இருந்தது. பரீட்சித்தவர்களில் சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் திடீரென்று செத்துப்போயின. பழைய பதிப்பைப் போட்டும் பயனில்லை. கார்டு தன் அடையாள எண்ணையும் அமைப்பு விவரங்களையும் வைத்திருக்கும் நிரந்தர நினைவகமே கெட்டுவிட்டது. தன் பெயரையே மறந்த மனிதனின் கதிதான்!

சந்தேகம் 'இ1000இ' என்ற டிரைவர் மேல் விழுந்தது. கார்டைத் தொடுகிறவன் அவன்தானே? விநியோகஸ்தர்கள் சிலர் அவனை விலக்கி வைத்தார்கள். இன்டெல் எஞ்சினீயர்கள் அந்த நினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி புதிய பதிப்பும் வெளிவந்தது.

பூட்டுத்தான் போட்டாயிற்றே என்று அவர்கள் தூங்கிவிடவில்லை. தேடினார்கள், கள்வன் வேறு இடத்தில் அகப்பட்டான். 'எஃப்டிரேஸ்' என்பது இந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒற்றன். புரோகிராமின் எந்தப் பகுதி எப்போது ஓடுகிறது என்று வேவு பார்ப்பது அவன் தொழில். அதற்காக எல்லாப் பகுதிகளின் விலாசங்களையும் குறித்து வைத்திருந்தான். துவக்க வேலைக்கு மட்டும் வந்த பகுதிகள் காரியம் முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். காலியான விலாசத்தில் சில சமயம் கார்டின் நினைவகம் குடியேறியது. ஒற்றன் இதை அறியாமல் பழைய விலாசத்துக்கே போனான்.

எதிர்பார்த்தது அங்கே இருந்தால் மாற்றுவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. ஆனால் அவன் கையாண்ட பிராஸஸர் கட்டளைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மாற்றாதபோதும், படித்ததையே திரும்ப எழுதிவிட்டுத்தான் வரும். சாதாரண நினைவகத்தில் அதனால் பாதகமில்லை. கார்டின் நினைவகத்திலோ அது விபரீதமாக முடிந்தது.

இதை ஊருக்குச் சொன்னவர் யார் தெரியுமா? எஃப்டிரேஸை எழுதிய ஸ்டீவன் ரோஸ்டெட்தான்! அக்டோபர் 15-ஆம் தேதி வந்த 2.6.27.1 பதிப்பில் ஒற்றனின் அந்த வேலை நிறுத்தப்பட்டது.

கோவலன் கையில் சிலம்பு இருந்தது. மதுரைக்கு அது போதுமானதாக இருந்தது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தது தலை விழுந்த பிறகுதான். தான் பெற்ற பிள்ளையே குற்றவாளியாக இருக்கலாம் என்று தெரிந்தும், தீர்ப்புக்கு முன்பே சிலம்பை உடைக்க முன்வருகிறவர்கள் எந்தத் தொழிலிலும் அபூர்வம் என்றே எனக்குத் தோன்றுகிறது.