அழிச்சாச்சு, ஆனா இடம் எங்கே?

ஒரு சின்னக் கணக்கு. பேக்கப் சர்வரில் 60 நாள் பேக்கப் இருக்கிறது. டிஸ்க் நிரம்பப் போகுதேன்னு பழைய 30 நாளை அழிச்சாச்சு. எவ்வளவு இடம் காலியாகும்?

பாதின்னு சொன்னீங்கன்னா, நீங்க இன்னும் டீடூப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம் :-) பல சமயம் அந்த நிமிஷத்தில் ஒரு பைட் கூட காலியாகாது. பிறகு துப்புரவு வேலை ஓடி முடிஞ்சாலும் எதிர்பார்த்ததில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஏன் இப்படி? அதுக்குப் பின்னாடி 60 வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

டீடூப்ளிகேஷன் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பேக்கப் எடுக்கும்போது ஃபைல்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் போடுவார்கள். அதே ஹாஷ் ஏற்கனவே இருந்தா, திரும்ப எழுதாமல் "அதேதான்" என்று ஒரு குறிப்பு மட்டும் வைப்பார்கள். திங்கட்கிழமை எழுதிய துண்டையே செவ்வாய், புதன் எல்லாம் பயன்படுத்திக்கும். கூட்டுக் குடும்பத்து அண்டா மாதிரி. மூத்தவர் தனிக்குடித்தனம் போறார் என்பதற்காக அண்டாவைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட முடியுமா? வேற யாராவது அதில் தண்ணி பிடிச்சு வச்சிருக்காங்களான்னு பார்க்கணும் இல்லையா?

இந்த "வேற யாருக்காவது வேணுமா?" கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கு. இரண்டுமே 1960-ல் அச்சானவை. அப்போ பேச்சு டிஸ்க்கைப் பற்றி இல்லை, மெமரியைப் பற்றி.

முதல் பதில் ஜான் மெக்கார்த்தியுடையது. லிஸ்ப் மொழிக்காக அவர் சொன்ன வழி: பயன்பாட்டில் இருப்பதையெல்லாம் தொடர்ந்து போய் அடையாளம் போடு, அடையாளம் இல்லாததை எடுத்துக்கொள். இதைத்தான் கார்பேஜ் கலெக்‌ஷன் என்கிறோம். வேடிக்கை என்னன்னா, அந்தக் கட்டுரையில் இந்தச் சொல் கிடையாது. தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அச்சில் போடத்தான் தயங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இரண்டாவது பதில் ஜார்ஜ் காலின்ஸுடையது. ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னு எண்ணிக்கை வை. பூஜ்யம் ஆனா தூக்கிடு. பால்காரர் கணக்குக்கு சுவத்துல கரிக்கோடு போடற மாதிரி. எளிமையானதுதான். ஆனா கோடு போடற நேரத்தில் கரண்ட் போச்சுன்னா? ஒரு கோடு கூடிப் போனா குப்பை கொஞ்சம் தங்கும், பரவாயில்லை. ஒரு கோடு குறைஞ்சா, இன்னொருத்தர் பேக்கப்பில் ஓட்டை விழும். அது தெரிய வருவதும் ரெஸ்டோர் பண்ற அன்னைக்குத்தான். தவிர, கோடிக்கணக்கான துண்டுகளுக்கு எண்ணிக்கையை மாத்தி மாத்தி டிஸ்க்கில் எழுதுவது பெரிய சுமை. அதனால் பெரிய பேக்கப் கருவிகள் பலவும் மெக்கார்த்தி வழிக்கே வந்தன.

அதுக்கு முன்னாடி ஒரு அழகான நழுவல் நடந்தது. 2002-ல் பெல் லேப்ஸின் ஷான் க்வின்லன், ஷான் டோர்வர்ட் இருவரும் வென்டி என்ற சேமிப்பு முறையை வெளியிட்டார்கள். துண்டின் ஹாஷே அதன் முகவரி. அழிக்கும் வசதி? கிடையவே கிடையாது! டிஸ்க் மலிவாகிக்கிட்டே வருது, எல்லாத்தையும் வச்சுக்கலாமே என்பது அவர்கள் வாதம். கேள்வியே கேட்காவிட்டால் பதில் தேவையில்லை பாருங்க.

வியாபார உலகத்தில் அது நடக்காது. 90 நாள் வை, பிறகு அழி என்று கம்பெனிகளுக்கு விதிகள் இருக்கும். 2001-ல் தொடங்கி, 2009-ல் ஈ.எம்.சி. வாங்கிய டேட்டா டொமைன் இந்தப் பிரச்சினையை நேராகச் சந்தித்தது. சராசரி 8 கிலோபைட் துண்டுகள். அவற்றைக் கன்டெய்னர் என்ற பெரிய பொட்டலங்களில் அடுக்குவார்கள். ஒரு கன்டெய்னரில் பாதி குப்பை, பாதி உயிருள்ளது என்றால், உயிருள்ளதைப் புதுக் கன்டெய்னருக்கு நகல் எடுத்த பிறகுதான் பழையதைத் தூக்கலாம். அதாவது குப்பை அள்ளவும் கொஞ்சம் காலி இடம் வேணும்!

எது உயிருள்ளதுன்னு நினைவில் வைக்க ப்ளூம் ஃபில்டர். 1970-ல் பர்ட்டன் ப்ளூம் சொன்ன யுக்தி. அது சில சமயம் குப்பையை "உயிரோட இருக்கு"ன்னு சொல்லும். உயிருள்ளதை ஒருநாளும் குப்பைன்னு சொல்லாது. தப்பு நடந்தா எந்தப் பக்கம் நடக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டாங்க பாருங்க, எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான்.

ஆரம்பத்தில் அவர்கள் ஃபைல் ஃபைலாகப் போய் அடையாளம் போட்டார்கள். ஒரே துண்டை 50 பேக்கப் பகிர்ந்துகொண்டால் 50 தடவை அதே இடத்துக்குப் போகணும். டீடூப் எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ, துப்புரவு அவ்வளவு மெதுவாகும். சின்ன ஃபைல்கள் கோடிக்கணக்கில் குவிந்தபோது நிலைமை இன்னும் மோசம். 2017-ல் அந்தக் குழு வெளியிட்ட கட்டுரை சொன்ன மாற்றுவழி: ஃபைல்களை விட்டுவிட்டு, கன்டெய்னர்கள் டிஸ்க்கில் இருக்கிற வரிசையிலேயே, துண்டுகளின் விவரத்தை மட்டும் அடுக்கு அடுக்காகப் படிப்பது. ஒவ்வொரு வீட்டுக்கதவையும் தட்டாமல் தெருவோட ஒரு நடை நடந்து வர்ற மாதிரி.

இலவச மென்பொருள்களின் கதையும் இதேதான். 2005-ல் வந்த கிட், யாரும் சுட்டாத பொருளைக் கண்டாலும் வழக்கமாக இரண்டு வாரம் பொறுத்துத்தான் அழிக்கும். ரெஸ்டிக்கில் ஃபர்கெட் வேறு, ப்ரூன் வேறு. 2021-ல் வந்த 0.12 பதிப்பு, 5% வரை குப்பை இருந்தா இருக்கட்டும்னு வழக்கமா விட்டுடும், வேகம் கூடியது. 2022-ல் போர்க் 1.2 வந்தபோது, டெலிட் கொடுத்தாலும் இடம் திரும்பாது, தனியாக காம்பேக்ட் ஓட்டணும்னு ஆச்சு. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் இன்னும் சுவாரசியம். துண்டின் கடைசியாகத் தொட்ட நேரத்தைத்தான் அடையாளமா வச்சுக்குது. லினக்ஸ் வழக்கமாக அந்த நேரத்தை 24 மணிக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கும். ஆகவே 24 மணி 5 நிமிஷம் தொடாமல் இருந்தால்தான் அழிக்கும்!

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது. குப்பையை உடனடியாக, முழுசாக எடுக்கணும்னு இவங்க யாருமே முயற்சி பண்ணலை. கொஞ்சம் குப்பையைத் தாங்கிக்கிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அதற்குப் பதிலா பாதுகாப்பை வாங்கியிருக்காங்க. இப்போ எடுக்கிற பேக்கப் ஒன்று, அழியப் போகிற பழைய துண்டை அதே நொடியில் "எனக்கு வேணும்"னு கேட்கலாம். அந்த நொடிக்காகத்தான் இத்தனை காத்திருப்பும்.

இது புரியாததால் நடக்கிற விபரீதம் நிஜம். நண்பர் ஒருத்தர் வேலை பார்த்த இடத்தில், அழிச்சும் இடம் வரலையேன்னு ஒருத்தர் துண்டு ஃபைல்களில் பழைய தேதி உள்ளதையெல்லாம் நேரடியா அழிச்சுட்டார். பழைய துண்டுகள்தானே அதிகம் பேர் பகிர்ந்துக்கறது! நேத்து எடுத்த பேக்கப் உட்பட எதையும் முழுசா மீட்க முடியலை.

இன்னொரு பக்கமும் உண்டு. "என் தகவலை அழிச்சுடுங்க"ன்னு ஒருத்தர் கேட்டு, சரின்னு நாமும் அழிச்சா, அது டிஸ்க்கில் இன்னும் சில நாளோ, வேற பேக்கப்பில் இருந்தா இன்னும் பல மாசமோ இருக்கும். அழிச்சாச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்த "அழிச்சாச்சு"ன்னு யோசிக்கணும்.

ஆக, டீடூப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். டிஸ்க் 95% தொட்ட பிறகு அழிக்க ஆரம்பிக்காதீங்க. அள்ளுறவனுக்கும் நிற்க இடம் வேணும். துப்புரவை வாரம் ஒரு தடவையாவது ஓடவிடுங்க, எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு குறிச்சு வைங்க. அந்த நேரம் வாரா வாரம் ஏறிக்கிட்டே போனா, புது டிஸ்க்குக்குச் சொல்லி வைக்க வேண்டிய நேரம் வந்தாச்சு.

உங்க சர்வரில் எத்தனை மணி நேரம் ஓடுது? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.