நெல் போன திசை

உலகத்தை வென்றவர்களின் இளமையைப் படமெடுப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தப் பிராயத்தில் அநியாயம் அவர்களுக்குத்தான் நடக்கிறது. தகப்பனை இழக்கிறார்கள், துரத்தப்படுகிறார்கள், சிறைப்படுகிறார்கள். பார்ப்பவன் மனசு அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தபின், மற்றவர்களுக்கு அவர்கள் செய்யப்போவது தொடங்குமுன், படம் முடிந்துவிடுகிறது. ஸெர்கேய் போத்ரோவ் 2007இல் எடுத்த 'மங்கோல்' இந்த வகை. மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் தந்த 'பொன்னியின் செல்வ'னும் இந்த வகைதான். முன்னதில் செங்கிஸ்கான் ஆகுமுன் தெமூஜின். பின்னதில் ராஜராஜன் ஆகுமுன் அருள்மொழி.

தெமூஜினின் இளமைக்குப் பெரிய ஆதாரம் 'மங்கோலியரின் ரகசிய சரித்திரம்'. 13ஆம் நூற்றாண்டில், ஆளும் குடும்பத்துக்காகவே எழுதப்பட்டது. தகப்பனைத் தாத்தாரியர் விஷம் வைத்துக் கொன்றது, கூட்டம் கைவிட்டுப் போனது, கழுத்தில் மரப்பூட்டோடு பையன் கைதியானது, மனைவி போர்த்தேயை மெர்கித்துகள் தூக்கிப் போனது எல்லாம் அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. பிடித்த மீனையும் அடித்த பறவையையும் பிடுங்கிக்கொண்டான் என்பதற்காக, தெமூஜினும் தம்பி காஸரும் சேர்ந்து மாற்றாந்தாய் மகனான பெக்தேரை அம்பெய்து கொல்கிறார்கள். தாய் ஓயெலுன் மிருகங்களின் பெயரையெல்லாம் சொல்லி அவர்களை ஏசுகிறாள். வம்சத்தின் புகழுக்காக எழுதியவன் இதை மறைக்கவில்லை. எட்டு நூற்றாண்டு கழித்து வந்த டைரக்டருக்கு இது வேண்டியிருக்கவில்லை. அவர் படத்தில் பெக்தேர் இல்லை.

நம் பக்கத்துச் சங்கதி வேறு. இங்கே விட்டுவிடுவதற்குக்கூட அதிகம் இல்லை. மெய்க்கீர்த்தி என்பதை ஒரு நிலையான வாய்பாடாக்கியவனே ராஜராஜன்தான். அதில் காந்தளூர்ச்சாலை, ஈழம், கலிங்கம், முந்நீர்ப் பழந்தீவுகள் என்று வெற்றிகள் வரிசையாக வரும். பையனாக இருந்ததைப் பற்றி ஒரு சொல் வராது. பிறந்த நட்சத்திரம் சதயம் என்று தெரிகிறது. கோயிலில் சதயத் திருவிழாச் செலவுக்கு ஏற்பாடு செய்ததால் தெரிகிறது. பிறந்த வருஷத்தால் யாருக்கும் செலவில்லை, அது பதிவாகவில்லை. தாய் வானவன்மாதேவி கணவனோடு தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. நாவல் அதற்கு முன்பே முடிகிறது, படமும் அப்படியே.

அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலை தெரிவது உடையார்குடிக் கல்வெட்டால். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் பட்டத்துக்கு வந்தது 985இல். கொலை அதற்கு ஏறக்குறைய பதினைந்து வருஷம் முன்பு நடந்தது. கல்வெட்டின் விஷயம் கொலையும் அல்ல. துரோகிகளான ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின், அவர்கள் உறவினரின் சொத்துக்கள் பறிமுதலானதும், அந்த நிலம் கைமாறியதும்தான் விஷயம். பகல் முழுக்க அடமானப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் என் போன்ற பாங்க் குமாஸ்தாவுக்கு இந்தக் கல்வெட்டு அந்நியமாகப் படவில்லை. ஒரு ராஜகுமாரனின் கொலை, நிலத்தின் வில்லங்கமாக ஞாபகம் வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு வருஷம் உத்தமசோழன் ஏன் சும்மா இருந்தான் என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கல் இரண்டு பேருக்கும் துணை நிற்கவில்லை.

அருள்மொழி அரசை வேண்டாமென்றான் என்பதற்கு ஆதாரம் திருவாலங்காட்டுச் செப்பேடு. குடிகள் வேண்டியும், சிற்றப்பனுக்கு அரசாசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று இருந்தானாம். அது வெளியானது மகன் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில். தகப்பன் இறந்தபின் மகன் சொல்லவைத்த புகழ்ச்சி. இந்த ஒரு புகழ்ச்சியிலிருந்துதான் கல்கியின் நாவலும், உத்தமசோழன் தலையில் கிரீடத்தோடு முடியும் படமும் பிறக்கின்றன. கல்கி தொடராக எழுத ஆரம்பித்தது 1950இல். புதிதாகக் குடியரசாகியிருந்த நாட்டில், நாற்காலியை வேண்டாமென்கிற தலைவன் வாசகனுக்குத் தேவைப்பட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் பிழையில்லை. நாவலாசிரியனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

என் தகராறு வேறிடத்தில். நாவலில் அருள்மொழி இலங்கையில் படையோடு இருக்கிறான். போர்வீரர்களுக்கு வேண்டிய உணவு சோழநாட்டிலிருந்தே கப்பலில் வரவேண்டும், இலங்கைக் குடிகளிடம் பறிக்கக் கூடாது என்கிறான். அநுராதபுரத்தில் இடிந்த விகாரைகளைச் செப்பனிடச் சொல்கிறான். படித்த வயதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இப்போது தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருப்பதைப் படிக்கலாம். ராஜராஜன் அந்தக் கோயிலுக்கு விட்ட ஊர்களில் ஈழமண்டலத்து ஊர்களும் சேர்ந்தவை. அவை கோயிலுக்கு நெல்லும் காசும் அளக்க வேண்டும். கதையில் நெல் தஞ்சையிலிருந்து இலங்கைக்குப் போகிறது. கல்லில் இலங்கையிலிருந்து தஞ்சைக்கு வருகிறது.

இதை வைத்து ராஜராஜனைக் கொடியவன் என்று தீர்ப்பெழுதச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவனும் அவன்தான். 1017இல், மகன் காலத்தில், சோழப்படை இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துப் போனதையும் விகாரைகளைச் சூறையாடியதையும் சூளவம்சம் சொல்கிறது. ஒரே அரசு ஒரு கரையில் விகாரைக்குக் கொடுத்தது, மறுகரையில் விகாரையைக் கொள்ளையிட்டது. கலைக்கு உரிய முரண் இது. நல்ல பையன் என்கிற கற்பனை இந்த முரணைத் தொடவிடாமல் செய்துவிடுகிறது.

படம் வந்தபோது ராஜராஜன் எந்த மதத்தவன் என்று சண்டை போட்டோம். கிரீடம் சரியா, திலகம் சரியா என்று கணக்குப் பார்த்தோம். நெல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போத்ரோவ் கையிலிருந்த பாவத்தை வெட்டினார். நாம் இல்லாத புண்ணியத்தை ஒட்டினோம். திரையில் வந்து நிற்பது இரண்டு இடத்திலும் ஒரே முகம்தான். அந்த முகத்தை நேசித்தபின், அவன் பின்னால் செய்யப்போவதைக் கேள்வி கேட்க மனம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. தஞ்சாவூர் தியேட்டரில் கிரீடத்தை அவன் மறுத்தபோது என் கண் கலங்கியது நிஜம்.

நீடாமங்கலம் ஸ்டேஷனில் சரக்கு ரயில் நிற்கும்போது ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கும். கொள்முதலான நெல் மூட்டைகளை அரவைக்காக வெளி மாவட்டங்களுக்கு ஏற்றுவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊர் நெல் போகிறது என்பது மனசுக்கு ஒருவிதத் திருப்தி, பெருமை என்றே சொல்லலாம். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஈழமண்டலத்து ஊர் ஒன்றில், கப்பலுக்காக நெல்லை அளந்து கொடுத்துவிட்டு நின்றவனுக்கு என்ன இருந்திருக்கும் என்பதைக் கல்லும் சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை. அந்த ஒருவனிடமிருந்து தொடங்கும் ராஜராஜன் படத்தை யாராவது எடுத்தால், அதற்கும் நான் தஞ்சாவூர் போய் வருவேன்.