பெயரும் குறியும்: கேமரன் மலை காட்டும் ஒரு வரலாறு

கணினியில் ஒரு கோப்பின் உள்ளடக்கம் வேறு. அதன்மேல் இடப்பட்ட குறி வேறு. வி.பி.ஏ. என்னும் மேக்ரோ மொழியிலுள்ள 'கெட்ஆட்டர்' என்னும் செயற்கூறு, கோப்பைப் படித்துப் பாராமலே அக்குறிகளை ஓர் எண்ணாகத் தருகிறது. திருத்தலாகாத கோப்புக்கு 1. மறைத்து வைத்ததற்கு 2. காப்புப்படி எடுக்க வேண்டியதற்கு 32. இரு குறிகள் சேரின் எண்களும் கூடும். ஆகவே திருத்தலாகாத கோப்பு ஒன்று 33 எனவும் விடை தரலாம். விடை 1தானா என்று மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். குறிகளைப் பிரித்தறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

உள்ளதை நோக்காது குறியை நோக்கும் இம்முறை கணினியோடு பிறந்ததன்று. மனிதர்மீதும் அது செயற்பட்டதைப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வரலாறு காட்டும்.

1885-இல் வில்லியம் கேமரன் கண்டறிந்த இம்மலைநாட்டில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்குக் கன்று நட்டுக் கொழுந்து பறித்தோருள் தமிழர் பெருந்தொகையினர்.

1948-இல் அவசரநிலை பிறந்ததும், 12 வயது நிரம்பியோர்க்கெல்லாம் அடையாள அட்டை வந்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபின், குடிமக்களுக்கு நீல அட்டையும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டையும் உரியவாயின. பிறப்புச் சான்று இன்மையாலும், விண்ணப்பிக்கும் முறை அறியாமையாலும், என்றேனும் ஊர் திரும்புவோம் என்ற நினைவாலும் தோட்டத் தமிழர் பலர் சிவப்பு அட்டையோடே நின்றனர். அன்றாடப் பாட்டுக்கு அதனால் தடை நேராமையின், நிறத்தின் பொருளை அவர்கள் உணரவில்லை.

1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்பொருளை உணர்த்தியது. குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அது விதித்தது. ஒருவர் பிறந்த இடம், வாழ்ந்த ஆண்டுகள், செய்த தொழில் என்று குறிகள் பல உண்டு. சட்டம் பார்த்ததோ ஒன்றே. முப்பது ஆண்டு உழைத்தவரும் அயலாரே ஆயினர். தீபகற்ப மலேசியா எங்கணும் இருந்து ஏறத்தாழ 60,000 இந்தியர் வெளியேறினர் என்பர் ஆய்வாளர்.

கோப்பின் குறியை ஒரே கட்டளையால் மாற்றிவிடலாம். அட்டையின் நிறம் மாறவோ சில குடும்பங்கள் தலைமுறைகள் காத்திருந்தன. குறியைப் படித்தல் எளிது. அது கூறாமல் விட்டதையும் கேட்டறிவதே ஆள்வோர்க்கு அழகாகும்.