திருவேட்களத்தில் எழுந்த கலைக்கோயில்

நம் நகரத்தார் பெருமக்கள் பொருளீட்டும் பொருட்டுக் கடல் கடந்து சென்ற திசைகள் பல. ஈட்டிய பொருளில் மகமை எடுத்து வைத்து, ஆலயத் திருப்பணி செய்தலும், பாடசாலையும் சத்திரமும் நந்தவனமும் திருக்குளமும் அமைத்தலும் அவர்தம் குலவொழுக்கம். அவ்வொழுக்கத்தின் வழியே வந்து, அதனினும் ஒருபடி மேற்சென்ற அறம் ஒன்றுண்டு. அஃது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் வரலாறு நம் இளைஞர் பலர்க்கு வெறும் பெருமைப் பேச்சாகவே தெரிந்திருக்கின்றது. பெருமையோடு நாம் கற்றுக்கொள்ளத்தக்க பாடமும் அதனுள் உண்டு. அதனை எடுத்துரைத்தலே ஈண்டு நம் நோக்கம்.

அண்ணாமலைச் செட்டியாரவர்கள் 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் கானாடுகாத்தானில் முத்தையச் செட்டியாருக்கும் மீனாட்சி ஆச்சியாருக்கும் மகனாராய்த் தோன்றினார். அவர்தம் குடும்பம் பர்மா, இலங்கை முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய பெருங்குடும்பம். தமையனார் திவான் பகதூர் இராமசாமிச் செட்டியார் சிதம்பரத்தில் உயர்நிலைப்பள்ளி கண்டவர். இளையவர் அதே ஊரில் 1920-ஆம் ஆண்டு ஸ்ரீ மீனாட்சி கலாசாலையைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் சோழர் வரலாறு எழுதிப் புகழ்பெற்ற நீலகண்ட சாஸ்திரியார் அதன் தலைவராய் அமர்ந்தார். பின்னர்த் தமிழுக்கெனத் தனிக் கல்லூரியும் எழுந்தது. 1924 முதல் 1927 வரை அதன் தலைமையை ஏற்றவர் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள். ஏடு தேடி ஊரூராய் அலைந்த அப்பெரியார் முதுமையில் தில்லைப்பதியில் அமர்ந்து மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லியது, அக்கல்லூரி பெற்ற பேறு என்க.

நிற்க. கல்லூரி நிறுவுதல் வேறு. பல்கலைக்கழகம் காணுதல் வேறு. கட்டடமும் பொருளும் ஆசிரியரும் உடையார் கல்லூரி நடத்தலாம். பட்டம் அளிக்கும் உரிமையோ சட்டத்தால் வருவது. அந்நாளில் சென்னை மாகாணத்தில் 1857-இல் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகமும், 1926-இல் எழுந்த ஆந்திரப் பல்கலைக்கழகமுமே இருந்தன. வடநாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகம் பலரிடம் திரட்டிய பொருளால் 1916-இல் உருப்பெற்றது. செட்டியாரவர்களோ தாம் கண்ட கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாயையும் சேர்த்து ஒப்படைக்க முன்வந்தார். அதன்மேல் சட்டசபை 1928-ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தை இயற்றிற்று. 1929-ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் செயற்படலாயிற்று. ஊர்தோறும் உள்ள கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் முறையை விடுத்து, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திலேயே தங்கிக் கற்பித்துக் கற்கும் முறையில் அஃது அமைந்தது. தேவாரம் பெற்ற திருவேட்களத்தைச் சூழ்ந்த நிலத்தில், இருப்புப்பாதைக்குக் கிழக்கே, அண்ணாமலைநகர் என்னும் புதிய ஊர் எழுந்தது.

அச்சட்டத்தின் அமைப்பு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மாகாண கவர்னர் வேந்தர், நிறுவியவர் இணைவேந்தர், அவருக்குப்பின் அவர்தம் வழித்தோன்றலுக்கே அப்பதவி. கோயிலுக்குப் பெருங்கொடை செய்தவர் குடும்பத்திற்குப் பரம்பரை அறங்காவல் அமைதல் போன்றது இது. கொடுத்த பொருள் பொதுவுடைமையாயிற்று. காக்கும் உரிமை குடும்பத்திடம் நின்றது.

முதல் துணைவேந்தர் ரங்கநாதன் அவர்கள். அவருக்குப்பின் 1935 முதல் 1940 வரை அப்பதவியில் இருந்தவர் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார். தமிழ்த்துறையின் சிறப்போ தனித்துச் சொல்லத்தக்கது. மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931-இல் தமிழ்ப் பேராசிரியராய் வந்தார். சேதுப்பிள்ளையவர்களும், நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அங்கே பணிபுரிந்தனர். மகிபாலன்பட்டியிற் பிறந்த நம் பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் அவ்வரிசையில் ஒருவர். இளமையில் நோயால் கால் தளர்ந்து, திண்ணைப் பள்ளியிற் சில மாதங்களே பயின்றவர் அவர். தம் முயற்சியாலேயே தமிழும் வடமொழியும் கற்று, மண்ணியல் சிறுதேரைத் தமிழில் தந்தவர். பட்டம் ஒன்றும் பெறாத அவரை, பட்டம் வழங்கும் இடமே பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. இளம் பல்கலைக்கழகம் ஒன்று தகுதியை எங்ஙனம் அளந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இசைக்கும் அங்கே தனிக் கல்லூரி உண்டாயிற்று. 1941-இல் தமிழிசை மாநாடு அவ்விடத்தே கூடியது; 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 1930-ஐ அடுத்து உலகெங்கும் வாணிகம் நலிந்தபோது, பர்மாவில் நெல்விலை வீழ்ந்தது. கடன் கொடுக்க இயலாத உழவர் நிலங்களை இழந்தனர். அப்பதிற்றாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல்விளை மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிநாட்டார் கைக்கு வந்தது. உழுதவன் கண்ணீரோடு வந்த அந்நிலம் நிலைக்கவில்லை. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தனர். நம் மக்கள் பலர் கணக்கேடுகளைச் சுமந்து கால்நடையாய் மீண்டனர். 1948-இல் பர்மா விடுதலை பெற்று நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் செய்தது. அவ்வாண்டே ஜூன் 15-ஆம் நாள் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரவர்கள் காலமானார். கடலுக்கு அப்பால் இட்ட முதல் பலருக்குப் போயிற்று. திருவேட்களத்தில் இட்ட முதலோ போகவில்லை. இன்னாருக்கென்று வரையாது எல்லார்க்கும் கொடுத்தமையால், அதனைப் பறித்துச் செல்வார் இலர்.

அவருக்குப்பின் மைந்தர் ராஜா சர் முத்தையச் செட்டியார் 1984 வரையும், பின் பேரர் எம். ஏ. எம். இராமசாமி அவர்களும் இணைவேந்தராயினர். 1945-இல் பொறியியற் கல்வி தொடங்கியது. 1979-இல் அஞ்சல்வழிக் கல்வி. 1985-இல் மருத்துவக் கல்லூரி. அஞ்சல்வழியே இலட்சக்கணக்கானோர் பயின்றனர். எனினும் 2012-இல் நிதி நெருக்கடி வெளிப்பட்டது. ஆட்குறைப்பும் ஊதியக் குறைப்பும் பேசப்பட, ஊழியர் போராடினர். 2013-இல் அரசு நிருவாகியை அமர்த்தி, புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன்பாற் கொண்டது. பரம்பரை இணைவேந்தர் பதவி அத்துடன் முடிந்தது.

இதனை இழப்பெனக் கருதி நம்மவருள் வருந்துவார் பலர். யானும் அச்செய்தியைப் படித்த அன்று வருந்தியவனே. எவர்மீதும் குற்றங் கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் ஆராயுங்கால், பதவி போயிற்றேயன்றி அறம் போகவில்லை. நிறுவியவர் பெயர் இன்றும் அதன் வாயிலில் நிற்கின்றது. உழவர் மகனும் தொழிலாளி மகளும் அங்கே பயில்கின்றனர். கொடுத்த பொருள் நம்முடையதன்று என்பதைக் கொடுத்த அன்றே உணர்தல் வேண்டும்.

கணக்கெழுதுதலில் பேர்பெற்றவர் நாம். ஆண்டுதோறும் ஐந்தொகை எடாத கடை நம்மவரிடம் இருந்ததில்லை. இன்று நம் ஊர்தோறும் கல்வி அறக்கட்டளைகளும், உதவிநிதிகளும், மாணவர் விடுதிகளும் நடத்துகின்றோம். கடைக்கு எடுத்த ஐந்தொகையை அவற்றிற்கும் எடுத்துச் சபையின் முன் வைக்கின்றோமா? நம் குலத்துப் பிள்ளைக்கு உதவுவதோடு, தகுதியுடைய அயற்பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்குகின்றோமா? வரும் பொதுக்கூட்டத்தில் இவ்விரண்டையும் அன்பர்கள் வினவுவாராக. பண்டிதமணியைப் போலப் பட்டமின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன் எவ்வூரிலோ நம்மை எதிர்நோக்கி இருக்கின்றான்.